பூட்டியாச்சு என்றால் முடிஞ்சுதா?

காஸ் குழாய் மாற்ற வருகிறவர் வேலை முடிந்ததும் சொல்கிற வசனம் எங்கட ஊர் முழுக்க ஒன்றுதான்: "சரி, பூட்டியாச்சு." பிறகு அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டுவார். நீல நெருப்பு வரும். காசைக் கொடுப்போம், பிளேன்ரீ கொடுப்போம், அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மாற்றின குழாய் எங்காவது கசிகிறதா என்று பார்க்கிற அந்த ஐந்து நிமிட வேலையை அவரும் செய்யவில்லை, வீட்டில் நின்றவர்களும் கேட்கவில்லை.

எல்லாரும் இப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. சவுக்காரத் தண்ணி கேட்டு வாங்கி, பூட்டுகளில் பூசிப் பார்த்துவிட்டுப் போகிற நல்ல வேலைக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது அந்த ஆளின் நல்ல மனதைப் பொறுத்த விசயமாகத்தான் இருக்கிறது. நாங்கள் சொல்ல வருவது இதுதான்: கசிவு பார்க்கும் வரைக்கும் அந்தத் திருத்தவேலை முடியவில்லை. அதைக் கேட்பதற்கு யாரும் கூச்சப்படத் தேவையில்லை. அதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவர், அந்த அடுப்புக்கு முன்னால் ஒவ்வொரு நாளும் நிற்கிறவர்.

முதலில், அடுப்பு எரிகிறது என்பது ஏன் போதாது? தண்ணிக் குழாயைத் திறந்தால் வாளிக்குள் தண்ணி விழுகிறது. அதை வைத்து, நிலத்துக்குக் கீழே போகிற பைப் எங்கும் ஒழுகவில்லை என்று யாராவது சொல்வார்களா? வாளிக்குத் தண்ணி வருகிறது என்று மட்டும்தான் சொல்லலாம். அடுப்பு நெருப்பும் அப்படித்தான். காஸ் அடுப்புக்கு வருகிறது என்பதை அது காட்டும். வேறு எங்கேயும் போகவில்லை என்பதைக் காட்டாது. தண்ணி ஒழுகினால் நிலம் நனையும், கண்ணுக்குத் தெரியும். காஸ் ஒழுகினால் எதுவும் நனையாது.

எங்கட சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தத்தில் அது திரவமாக இருக்கிறது. வெளியே வந்தால் ஒரு லீற்றர் திரவம் ஏறத்தாழ 250 லீற்றர் வாயுவாக விரியும். இரண்டுமே காற்றைவிடப் பாரமானவை: புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் கசிகிற காஸ் கூரைப்பக்கம் போகாது. நிலத்தோடு படுத்து, அலுமாரிக்குக் கீழே, கழிவுத்தண்ணி போகிற ஓட்டைக்குள், பக்கத்து அறைக்குள் ஊர்ந்து போகும். யன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம், பயமில்லை என்பது பாதி உண்மைதான். யன்னல் மூன்றடி உயரத்தில் இருக்கிறது. காஸ் கால்மாட்டில் நிற்கிறது.

காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு காஸ் கலந்தாலே ஒரு தீப்பொறி போதும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஒரு குசினியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். முழு அறையிலும் அந்த அளவு கலக்கச் சுமார் ஒன்றேகால் கிலோ காஸ் வேண்டும். அதாவது 12.5 கிலோ சிலிண்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் காஸ் அறை முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை, கீழேதான் தேங்குகிறது. ஆகவே நிலத்தோடு இருக்கிற காற்று ஆபத்தான அளவுக்கு வருவதற்கு அதைவிடக் குறைந்த காஸே போதும். இரவு முழுக்க மெல்லக் கசிகிற ஒரு குழாயையும், விடிய எழும்பி முதல் வேலையாகச் சுவிச்சைத் தட்டுகிற ஒரு கையையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

"கசிஞ்சா மணக்கும்தானே?" இதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். காஸுக்கு என்று சொந்த மணம் கிடையாது. எதில் மெர்கப்டான் என்ற ஒரு பொருளைக் கொஞ்சமாகச் சேர்ப்பதால்தான் அந்த அழுகின கோவா மாதிரி நாற்றம் வருகிறது. கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே வைத்த நாற்றம் அது. நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கட மூக்குக்கு ஒரு பழக்கம் உண்டு: ஒரே மணத்தில் தொடர்ந்து இருந்தால் அது தெரியாமல் போய்விடும். தடிமன் பிடித்தவருக்குத் தெரியாது. கொரோனாவுக்குப் பிறகு மணம் சரியாகத் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். வயது போகப் போக மூக்கின் கூர்மை குறையும், அம்மம்மாவைக் கேட்டுப் பாருங்கள். நித்திரையில் இருப்பவருக்கும் அந்த மூக்கு உதவாது. மணத்தை மட்டும் நம்பி இருப்பது, கதவுக்குப் பூட்டுப் போடாமல் நாய் குரைக்கும்தானே என்று படுப்பது மாதிரி.

இனிச் சோதனைக்கு வருவோம். ஒரு கோப்பைத் தண்ணியில் பாத்திரம் கழுவுகிற சவுக்காரத் திரவத்தைக் கொஞ்சம் விட்டு நுரைக்கக் கலக்குங்கள். கதவு, யன்னல் திறந்திருக்கட்டும். பக்கத்தில் விறகடுப்போ விளக்கோ ஊதுபத்தியோ எரியக் கூடாது. அடுப்பைத் திருகுகிற பிடிகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். ரெகுலேட்டர் திறந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விசயத்தில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டுச் சவுக்காரம் பூசினால் குழாய்க்குள் புதிதாகக் காஸ் வராது, சின்னக் கசிவு குமிழி விடாமலே தப்பிவிடும். "ஒண்டும் இல்லை" என்ற பதில் வரும், ஆனால் அது பொய்ப் பதில்.

பழைய பிரஷ் ஒன்றாலோ ஸ்பொஞ்சாலோ ஐந்து இடங்களில் பூசுங்கள். ஒன்று, சிலிண்டரின் வாயில் ரெகுலேட்டர் இருக்கிற இடம். இரண்டு, ரெகுலேட்டரில் குழாய் செருகியிருக்கிற கிளிப்பைச் சுற்றி. மூன்று, குழாயின் முழு நீளமும், முக்கியமாக அது வளைகிற இடங்களும் சுவரில் உரசுகிற இடங்களும். நான்கு, குழாய் அடுப்போடு சேருகிற மற்றக் கிளிப். இந்த இடம் அடுப்புக்குப் பின்னால் மறைந்திருப்பதால் அநேகமாகத் தவறிப் போகும். ஐந்து, அடுப்புப் பிடிகளின் அடிப்பகுதி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பூசின நுரை அப்படியே இருந்து மெல்ல அடங்கினால் சரி. ஒரே புள்ளியிலிருந்து குமிழி புதிது புதிதாக வந்து பெருத்தால் அங்கே கசிகிறது. ரெகுலேட்டரை மூடி, கிளிப்பை இறுக்கி அல்லது உள்ளே இருக்கிற றப்பர் வோஷரை மாற்றிவிட்டு, மறுபடியும் பூசிப் பார்க்க வேண்டும். இரண்டாம் தரம் பார்க்காமல் விட்டால் முதல் தரம் பார்த்ததில் பிரயோசனம் இல்லை. எல்லாம் முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். குளோரின் கலந்த திரவங்களைப் பாவிக்க வேண்டாம், அவை உலோகப் பாகங்களை அரிக்கும்.

நெருப்புக்குச்சியைக் கொளுத்திப் பூட்டுக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கிற வழக்கம் ஒன்றும் இருக்கிறது. சில வேலைக்காரர்கள் இதைப் பெருமையாகச் செய்து காட்டுவார்கள். கசிவு இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது, இருந்தால் நெருப்புப் பிடிக்கும். ஆபத்தைக் கண்டுபிடிக்க ஆபத்தையே கூப்பிடுகிற வேலை இது. யாராவது உங்கட வீட்டில் அப்படிச் செய்ய வெளிக்கிட்டால் மறித்துவிடுங்கள். வயதுக்கு மூத்தவர் என்று பார்க்க வேண்டாம்.

இன்னொன்று: குசினிக்குள் போகும்போதே நாற்றம் பலமாக அடிக்கிறது என்றால் சவுக்காரம் கலக்குகிற நேரம் அது இல்லை. ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். எந்தச் சுவிச்சையும் போடவும் கூடாது, நிற்பாட்டவும் கூடாது, நிற்பாட்டும்போதும் பொறி வரும். தொலைபேசியை வெளியே வந்து எடுங்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் கேட்கமாட்டோம்? இங்கேதான் விசயம் காஸை விட்டுவிட்டு மனிதர்களிடம் வருகிறது.

நாங்கள் சிலர் சேர்ந்து இருக்கிற வாடகை வீட்டில் போன தவணை குழாய் மாற்ற வேண்டி வந்தது. எலி கடித்திருந்தது. வந்த அண்ணை வேலையை வேகமாகச் செய்தார், அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டினார், வெளிக்கிட்டார். "சவுக்காரம் பூசிப் பார்ப்பமா அண்ணை?" என்று கேட்டோம். அவர் முகம் மாறினது. "பதினைஞ்சு வருசமாப் பூட்டுறன் தங்கச்சி, என்னை நம்பேல்லையோ?" என்றார். வீட்டுக்கார அன்ரியும் "அவர் தெரிஞ்ச ஆள்தானே, விடுங்கோ பிள்ளையள்" என்றா. நாங்கள் பூசினோம். அடுப்புப் பக்கத்துக் கிளிப்பில் ஊசிமுனை அளவில் குமிழி வந்துகொண்டே இருந்தது. அவரும் கண்டார். ஒன்றும் பேசாமல் கிளிப்பைக் கழற்றி, குழாயை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, திரும்ப இறுக்கினார். இரண்டாம் தரம் பூசியபோது குமிழி இல்லை. மொத்தமாகப் பத்து நிமிடம்கூட இல்லை.

அந்த அண்ணை கெட்ட வேலைக்காரர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பதினைந்து வருட அனுபவம் உள்ள கையும் ஒரு கிளிப்பை அரைச்சுற்றுக் குறைவாக இறுக்கும். அதற்குத்தான் சோதனை இருக்கிறது. தையல்காரர் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார், கடைக்காரர் பல்ப்பை எரிய வைத்துக் காட்டித் தருகிறார். அதையெல்லாம் யாரும் அவமானமாக எடுப்பதில்லை. காஸ் விசயத்தில் மட்டும் "நம்பேல்லையோ" என்ற கேள்வி ஏன் வருகிறது? அந்த மனிதரில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. நாங்கள் பார்க்கச் சொன்னது ஒரு கிளிப்பை.

கேட்டது பெட்டைப் பிள்ளைகள் என்பதும் ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். எங்கட வீடுகளில் ஒரு விசித்திரமான வேலைப் பிரிவினை இருக்கிறது. அடுப்பில் சமைப்பது அம்மா. சிலிண்டர் மாற்றுவது, ரெகுலேட்டர் பூட்டுவது, குழாய் வாங்குவது அப்பா அல்லது அண்ணா. அவர்கள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுத் தம்பி வரும்வரைக்கும் அம்மா காத்திருப்பா. ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணித்தியாலம் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறவவுக்கு அந்தக் குழாயைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. திருத்த வருகிறவரும் விளக்கம் சொல்வதென்றால் விறாந்தையில் இருக்கிற அப்பாவுக்குத்தான் சொல்வார். ஏதாவது நடந்தால் எரியப் போவது விறாந்தை இல்லை.

எங்கட அம்மம்மாமாருக்கு நெருப்புத் தெரியாது என்று யாரும் சொல்ல ஏலாது. விறகடுப்பில் எந்த விறகு பொரியும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் அடுப்பை எப்படி மறைக்க வேண்டும், தணலை இரவில் எப்படி மூடி வைக்க வேண்டும் என்று எல்லாம் தெரிந்திருந்தார்கள். 1990களில் வடக்குக்கு எரிபொருள் தடை இருந்த காலத்தில் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெயை வைத்துக்கொண்டு விளக்கெரித்துக் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். அந்த அறிவு குசினிக்குள்ளேயே, தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. விறகின் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது: புகை, பொறி, சூடு. காஸின் ஆபத்து தெரிவதில்லை. அது எங்கட வீடுகளுக்கு வந்தபோது சிலிண்டரும் அடுப்பும் வந்தன, அறிவு கூட வரவில்லை. அறிவை விற்பனைக்காரரும் திருத்துகிறவரும் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். சவுக்காரத் தண்ணிச் சோதனையை அம்மாமாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்றால், ஒரு காலத்தில் அவர்கள் கையில் இருந்த நெருப்பு அறிவைத் திருப்பிக் கொடுப்பது என்றுதான் அர்த்தம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். "சோதிச்சுப் பாருங்கோ" என்று சனத்துக்குச் சொல்வது சில நேரம் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற வழியாகவும் இருக்கும். அதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

2021 நவம்பர், டிசம்பரை மறக்க ஏலாது. நாடு முழுக்க ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு வீட்டில் காஸ் அடுப்பு வெடித்த செய்தி வந்தது. நூற்றுக்கணக்கான சம்பவங்கள், உயிரிழப்புகள். சனம் சிலிண்டரை முற்றத்தில் கொண்டுபோய் வைத்தது, சமைத்து முடிந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றி வைத்தது. அந்த நேரத்தில் வந்த அறிவுரைகளில் பாதி எங்களைப் பார்த்துத்தான் இருந்தது: குழாயைப் பாருங்கள், கிளிப்பைப் பாருங்கள், சவுக்காரம் பூசுங்கள். பிழை எங்கட குசினியில்தான் என்பது போல ஒரு தொனி. பிறகு ஜனாதிபதி நியமித்த எட்டுப் பேர் கொண்ட குழு, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஆராய்ந்து, சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதைத்தான் முக்கிய காரணமாகச் சுட்டிக்காட்டியது.

அந்த விகிதம் ஏன் இவ்வளவு முக்கியம்? 30 பாகை வெப்பத்தில் புரொப்பேனின் ஆவியழுத்தம் பியூட்டேனினதைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். வெக்கையான நாட்டில் இன்னும் கூடும். பழைய அழுத்தத்துக்கு ஒருமாதிரித் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த வோஷரும் கிளிப்பும் குழாயும் புதிய அழுத்தத்தில் தங்கட பலவீனத்தைக் காட்டும். சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்பதை எந்தச் சவுக்காரத் தண்ணியாலும் கண்டுபிடிக்க ஏலாது. அதைச் சரியாக வைத்திருப்பது நிறுவனங்களின் வேலை, கண்காணிப்பது அரசின் வேலை. குசினியில் நாங்கள் குமிழி பார்ப்பதால் அவர்களின் கணக்குத் தீராது.

ஆனால் அதே கதையில் மற்றப் பக்கமும் இருக்கிறது. பிழை எங்கே தொடங்கினாலும் அது வெளியே வந்தது எங்கட பூட்டுகளால்தான். அடுத்த தடவையும் அப்படித்தான் வரும். அரசாங்கம் திருந்தும்வரைக்கும் குழாயைப் பார்க்கமாட்டோம் என்று இருக்க எங்களால் முடியாது. கோபத்தையும் வைத்திருப்போம், பிரஷ்ஷையும் வைத்திருப்போம்.

அடுத்த வருடமே நெருக்கடி வந்தது. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டை நீக்குவதற்கு முன்னர் 1,500 ரூபாவுக்குள் கிடைத்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அதுவும் வரிசையில் நாள்கணக்கில் நின்றால்தான். பல வீடுகள் விறகுக்குத் திரும்பின. அடுப்பும் குழாயும் மாதக்கணக்கில் மூலையில் கிடந்தன. கிடந்த றப்பர் இறுகும், வெடிக்கும். காஸ் திரும்பி வந்தபோது பல வீடுகளில் சிலிண்டர்தான் புதிது, குழாய் பழையது. எல்லாச் சாமானும் விலையேறின காலத்தில் "எரியுதுதானே, இருக்கட்டும்" என்று குழாயை விட்டவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் குழாய்கள் இன்னும் பாவனையில் இருக்கின்றன. குழாயின் மேல் ஆண்டு அச்சிட்டிருக்கும், ஒருக்கால் பாருங்கள். விரலால் வளைத்தால் வெடிப்புத் தெரிகிறதா என்றும் பாருங்கள். புதிதாக வாங்கும்போது எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணி பாய்ச்சுகிற குழாயை வெட்டிக் காஸுக்குப் பூட்டுவது விளையாட்டு இல்லை.

பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கிட்டின விசயம். திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் அறையெடுத்து இருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். ஒரே அறைக்குள் கட்டில், புத்தகம், உடுப்பு, மூலையில் ஒரு சின்ன சிலிண்டர். நுளம்புக்காக யன்னலைச் சாத்திவிட்டுப் படுப்போம். அந்தக் குழாய் எப்போது மாற்றினது என்று முன்னுக்கு இருந்த அணிக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. வாடகை உயரும்போது மட்டும் எல்லாருக்கும் திகதி ஞாபகம் இருக்கும்.

லண்டனில் சொந்தக்காரர் இல்லாத யாழ்ப்பாண வீடு குறைவு, அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டின் காஸ் பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டை வாடகைக்கு விடுகிறவர் தான் கொடுத்த காஸ் சாதனங்களையும் குழாய்களையும் வருடத்துக்கு ஒருதரம் பதிவுபெற்ற ஒருவரைக் கொண்டு சோதிப்பிக்க வேண்டும். அந்தப் பதிவின் பிரதியை 28 நாட்களுக்குள் வாடகைக்கு இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். அங்கே காஸ் பெரும்பாலும் நிலத்துக்குக் கீழால் குழாயில் வருகிறது, எங்களுக்குச் சிலிண்டரில் வருகிறது. முறை வேறு. ஆனால் அடிப்படை எண்ணத்தை இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம்: சோதனை என்பது வேலை செய்பவரின் பெருந்தன்மையில் தொங்கக் கூடாது, அது எழுத்தில் இருக்க வேண்டும், அங்கே வசிப்பவரின் கைக்கு வர வேண்டும்.

"கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு ஏன் இந்த வேலை? இது விஞ்ஞானக்காரற்ற பாடம்" என்று ஒரு நண்பர் பகிடி விட்டார். புரொப்பேனின் ஆவியழுத்தம் அவர்களுடைய பாடமாக இருக்கட்டும். ஆனால் ஒரு வீட்டில் யார் கேள்வி கேட்கலாம், யார் கேட்கக் கூடாது, யாருக்கு விளக்கம் சொல்லப்படுகிறது, யார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார் என்பதெல்லாம் எங்கட பாடம்தான். ஒரு குழாய் கசிவதற்குக் காரணம் றப்பர். அந்தக் கசிவு மாதக்கணக்காக யாருக்கும் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், கேட்கக் கூசுகிற எங்கட பழக்கம்.

"ஒவ்வொரு தரமும் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் பயத்திலேயே சீவிக்க வேண்டி வரும்" என்றும் சொல்வார்கள். எங்களுக்கு நடந்தது மறுவளம். பூசிப் பார்த்த அன்றுதான் நிம்மதியாகப் படுத்தோம். பார்க்காமல் இருக்கிற வீட்டில்தான் பயம் ஒரு மூலையில் கிடந்துகொண்டே இருக்கும், நாங்கள் அதற்குப் பழகிவிடுவோம், காஸ் மணத்துக்கு மூக்குப் பழகுகிற மாதிரி.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய விசயங்கள் இல்லை. குழாய், ரெகுலேட்டர், அடுப்பு எதைத் திருத்தினாலும், மாற்றினாலும், சிலிண்டர் புதிதாகப் பூட்டினாலும் சவுக்காரத் தண்ணிச் சோதனை செய்த பிறகே காசு கொடுப்பது என்று ஒவ்வொரு வீடும் ஒரு வழக்கம் வைக்க வேண்டும். சோதிக்கும்போது சமைக்கிறவர் பக்கத்தில் நிற்க வேண்டும், முடிந்தால் பிரஷ் அவர் கையில் இருக்க வேண்டும். குழாய் மாற்றின திகதியை ஒரு துண்டில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்ட வேண்டும். அறை வாடகைக்குக் கொடுப்பவர்கள் ஒவ்வொரு கல்வியாண்டும் பிள்ளைகள் வருவதற்கு முன்னர் குழாயையும் கிளிப்பையும் பார்த்து வைக்க வேண்டும், மாணவர் ஒன்றியங்கள் அதைக் கேட்க வேண்டும். காஸ் விற்கிற நிறுவனங்கள் சோதனை முறையை விளங்குகிற தமிழில், படத்தோடு, சிலிண்டரோடு சேர்த்துத் தர வேண்டும். தரமில்லாத குழாயை உங்கட தலையில் கட்டினால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள். திருத்த வருகிற அண்ணைமார் ஒரு சின்னப் போத்தலில் சவுக்காரத் தண்ணியைத் தங்கட பையிலேயே கொண்டுவந்தால் அது அவர்களுக்கும் நல்ல பெயர். "பூட்டியாச்சு" என்பதற்குப் பதிலாக "பூட்டிப் பார்த்தாச்சு" என்று சொல்கிற ஆளைத்தான் அடுத்த தரமும் நாங்கள் கூப்பிடுவோம்.

இதை வாசித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுக்கு அழைப்பு எடுத்து, அம்மாவிடம் எங்கட காஸ் குழாய் எப்ப மாற்றினது என்று கேளுங்கள். "தெரியாது, அப்பாட்டக் கேள்" என்று பதில் வந்தால், அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது பழைய பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்து வையுங்கள். எப்படிப் பூசுவது என்று அம்மாவுக்குக் காட்டுங்கள். அவ உங்களுக்கு நெருப்பைப் பற்றி வேறு பத்து விசயம் சொல்லித் தருவா.